அறை 129 டாலர் என்று காட்டினார்கள், பில் 203 டாலர் வந்தது

கேள்வி:

டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போன மாதம் லாஸ் வேகாஸ் போனோம். முன்பதிவுத் தளம் ஒன்றில் தேடியபோது, கேசினோ ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையில் உள்ள ஓட்டல் அறை இரவுக்கு 129 டாலர் என்று காட்டியது. மூன்று இரவுக்கு வரியோடு 438.78 டாலர் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டேன். செக்-இன் கவுன்ட்டரில் ‘ரிசார்ட் ஃபீ இரவுக்கு 50 டாலர், அதற்கு வரி தனி’ என்று சொல்லி, மேலும் 170.07 டாலர் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைப் பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் அது இருக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து இப்படி வாங்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாக நண்பர்கள் சொல்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

இன்னொன்று: டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வீடு இருக்கிறது. வார இறுதிகளில் வாடகைக்கு விடுகிறோம். குறைந்தது இரண்டு இரவு. இரவுக்கு 180 டாலர், கிளீனிங் ஃபீ 150 டாலர். பெரிய தளம் ஒன்றிலும் எங்கள் சொந்த வலைப்பக்கத்திலும் போட்டிருக்கிறோம். இந்தச் சட்டம் எங்களையும் பிடிக்குமா?

பதில்:

நண்பர்கள் சொன்னதில் பாதிதான் சரி. ரிசார்ட் ஃபீயை, அதாவது அறை வாடகைக்கு மேல் ஓட்டல் வாங்கும் கட்டாயக் கட்டணத்தை, யாரும் தடை செய்யவில்லை. ஓட்டல் 50 டாலர் வாங்கலாம், 150 டாலரும் வாங்கலாம், உச்சவரம்பு கிடையாது. ஆனால் அந்த 50 டாலர், நீங்கள் முதலில் பார்த்த விலைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். உங்கள் பக்கத்துப் பலமும் பலவீனமும் இந்த ஒரு புள்ளியில்தான் இருப்பதால், விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் (எஃப்.டி.சி.) 2024 டிசம்பர் 17 அன்று அறிவித்த விதி இது, 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2023 அக்டோபரில் வரைவு வெளியானபோது எல்லாத் தொழில்களையும் தொடுவதாக இருந்தது. இறுதி வடிவத்தில் இரண்டே துறைகள் மிஞ்சின: நேரடி நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட், குறுகிய காலத் தங்குமிடம். ஓட்டல், மோட்டல், விடுமுறை வாடகை வீடு எல்லாம் இரண்டாவதில் அடக்கம். ஓட்டல்காரர்களுக்கு இது திடீரென்று தலையில் விழுந்த செய்தியும் இல்லை. இதே விஷயத்துக்காக 2012 நவம்பரிலேயே 22 ஓட்டல் நிறுவனங்களுக்கு எஃப்.டி.சி. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று இன்று ஓர் ஓட்டல் சொன்னால் நம்புவது கடினம்.

விதியின் மையம் ‘மொத்த விலை’ என்ற கருத்து. விருந்தாளி கட்டாயம் கட்டியே ஆகவேண்டிய எல்லாத் தொகைகளையும் கூட்டினால் வருவது மொத்த விலை. அரசு விருந்தாளிமேல் விதிக்கும் வரியையும், விருந்தாளி விரும்பினால் மட்டும் வாங்கும் சேவைகளையும் அதில் சேர்க்காமல் விடலாம். எங்கே ஒரு விலையைக் காட்டினாலும், அது தேடல் பக்கமோ விளம்பரமோ தொலைபேசியோ, இந்த மொத்த விலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மற்ற விலைகளைவிட அதுவே எடுப்பாகத் தெரிய வேண்டும். விருந்தாளி பணம் கட்டச் சம்மதிக்கும் முன்னால், மொத்த விலையில் சேர்க்காமல் விட்ட ஒவ்வொரு கட்டணமும் எதற்கு, எவ்வளவு என்று சொல்லிவிட்டு, வரியெல்லாம் சேர்த்த இறுதித் தொகையையும் காட்ட வேண்டும். அந்த இறுதித் தொகை மொத்த விலைக்குச் சமமான எடுப்பிலோ அதைவிடக் கூடுதலாகவோ தெரிய வேண்டும். கட்டணத்தின் தன்மை, நோக்கம், அளவு, அது திரும்பக் கிடைக்குமா என்பவை பற்றித் தவறாகச் சொல்வதும் தனி மீறல்.

இப்போது உங்கள் கணக்கு. ஸ்ட்ரிப் பகுதியில் அறை வரி 13.38 சதவீதம். கட்டாய ரிசார்ட் ஃபீக்கும் அதே வரி உண்டு. 129 டாலரை மூன்றால் பெருக்கினால் 387, வரி 51.78, ஆக 438.78. தளத்தில் நீங்கள் கட்டியது இதைத்தான். ரிசார்ட் ஃபீ 150, அதற்கு வரி 20.07, கவுன்ட்டரில் வாங்கிய 170.07 சரியாக வருகிறது. எல்லாம் சேர்ந்து 608.85 டாலர், இரவுக்கு 202.95. கூட்டலில் தவறில்லை. ஆனால் தேடல் பக்கத்தில் இரவுக்கு 129 என்று இருந்த இடத்தில் 179 என்றோ, மூன்று இரவுக்கு 537 என்றோ இருந்திருக்க வேண்டும். 71.85 டாலர் வரியை மட்டும் பணம் கட்டும் பக்கம் வரை தள்ளிவைக்க ஓட்டலுக்கும் தளத்துக்கும் உரிமை உண்டு.

வரியை ஏன் விட்டார்கள் என்று பலர் கேட்கிறார்கள். ஊருக்கு ஊர் அது மாறும். சில இடங்களில் சதவீதத்தோடு இரவுக்கு இத்தனை டாலர் என்று தனித் தொகையும் உண்டு. நியூயார்க் நகரத்தில் 14.75 சதவீத வரியோடு, ஓர் அறைக்கு இரவுக்கு 3.50 டாலரும் சேரும். எனவே விதி ஒழுங்காகப் பின்பற்றப்பட்டாலும், முதலில் பார்த்த விலைக்கும் இறுதித் தொகைக்கும் 13, 15 சதவீத வித்தியாசம் வரலாம். அதை மீறல் என்று எழுதி அனுப்பாதீர்கள். உங்கள் நியாயமான புகாரும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். இன்னொரு நுணுக்கம்: அரசு விருந்தாளிமேல் விதிக்கும் கட்டணத்தை மட்டும்தான் விலக்கலாம். ஓட்டல்மேல் விதிக்கப்பட்டதை ஓட்டல் தன் இஷ்டத்துக்கு விருந்தாளி தலையில் கட்டினால், அது மொத்த விலைக்குள் வந்தாக வேண்டும். பில்லில் ‘வரிகளும் கட்டணங்களும்’ என்று ஒரே வரியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வரி எவ்வளவு, ஓட்டலின் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது ஓட்டலைக் காப்பாற்றுமா? விதியைப் பொறுத்தவரை காப்பாற்றாது. உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் என்பது பணம் கட்டிய பிறகு வருவது; விதி கேட்பது முதல் விலையில். முன்பதிவுப் பக்கத்திலேயே ‘தங்குமிடத்தில் கட்ட வேண்டியது: 150’ என்று எழுதியிருந்தாலும், தேடல் பக்கத்தில் 129 என்று காட்டியது காட்டியதுதான். தளம் ஓட்டலைக் கைகாட்டவும் முடியாது. விலையைக் காட்டி விற்கும் முன்பதிவுத் தளமும் விதிக்குள் வருகிறது. சரியான தொகையைத் தளத்துக்குக் கொடுப்பது ஓட்டலின் வேலை, சரியாகக் காட்டுவது தளத்தின் வேலை.

ஆனால் மீறல் நடந்தது என்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. எஃப்.டி.சி. விதியை வைத்துத் தனிநபர் நேரடியாக வழக்குப் போட முடியாது. நடவடிக்கை எடுப்பது ஆணையம்தான். ஒரு மீறலுக்கு 53,088 டாலர் வரை அபராதம் கேட்கலாம் என்பது 2025ஆம் ஆண்டின் கணக்கு. அந்த அபராதம் உங்கள் கணக்குக்கு வராது. எனவே விதியை நீதிமன்ற வாதமாக நினைக்காமல், ஓட்டலோடு பேரம் பேசக் கிடைத்த பிடிமானமாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறு தொகைக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

முதலில் ஆதாரம். உங்களிடம் 129 டாலர் காட்டிய தேடல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா? இந்த மாதிரிப் புகாரில் அதிகம் சறுக்குவது இங்கேதான். எல்லோரும் கடைசிப் பக்கத்தையும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலையும் வைத்திருப்பார்கள், மீறல் நடந்த முதல் பக்கம் யாரிடமும் இருக்காது. இல்லையென்றால் இன்றே அதே தளத்தில், அதே ஓட்டலுக்கு, வருகிற ஏதாவது மூன்று இரவுக்குத் தேடிப் பாருங்கள். இன்னும் ரிசார்ட் ஃபீ இல்லாமல் விலை காட்டுகிறதென்றால், தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தேடல் முடிவு, அறை தேர்வு செய்யும் பக்கம், பணம் கட்டும் பக்கம் என்று வரிசையாக எல்லாம் வேண்டும். கைபேசிச் செயலியில் ஒரு விலையும் கணினியில் வேறு விலையும் தெரிவதுண்டு, இரண்டையும் எடுங்கள். உங்கள் பழைய முன்பதிவில் என்ன காட்டியது என்பதற்கு இது நேரடிச் சான்று ஆகாதுதான். ஆனால் அவர்கள் வழக்கம் இது என்று காட்டும்.

அடுத்து ஓட்டலிடம் ஃபோலியோ கேளுங்கள். நாள்வாரியாக ஒவ்வொரு வரவு செலவும் இருக்கும் விரிவான பில் அது. கவுன்ட்டரில் கார்டைத் தேய்த்தபோது ரிசார்ட் ஃபீயோடு, மினிபார் போன்ற செலவுகளுக்காக ஒரு தொகையைத் தற்காலிகமாகப் பிடித்தும் வைத்திருப்பார்கள். அது சில நாட்களில் தானாக விடுபடும், கட்டணத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 170.07 ‘பதிவான’ தொகையா, ‘நிலுவையில்’ உள்ள தொகையா என்று கார்டு கணக்கில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஓட்டல் மேலாளருக்கும் முன்பதிவுத் தளத்துக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். கோபம், குடும்பக் கதை, ‘இனி வரமாட்டோம்’ எதுவும் வேண்டாம். முன்பதிவு எண், தங்கிய தேதிகள், காட்டிய விலை 129, கட்டாயமாக வாங்கிய 50, அதற்கான வரி, மொத்தம் 170.07. தேடல் பக்கத்தில் கட்டாயக் கட்டணம் விலையில் சேர்க்கப்படவில்லை என்பதையும், மத்திய விதிகளின் தொகுப்பில் (சி.எஃப்.ஆர்.) 16ஆம் தலைப்பு 464ஆம் பகுதியாக உள்ள எஃப்.டி.சி. விதி அதைக் கோருகிறது என்பதையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 14 நாட்களுக்குள் 170.07 டாலரை அதே கார்டுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேளுங்கள். படங்களை இணையுங்கள். ஓட்டல் தளத்தைக் கைகாட்டும், தளம் ஓட்டலைக் கைகாட்டும். இருவரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து எழுதச் சொல்வது அதற்காகத்தான். ஒருவர் பதில் மற்றவருக்கும் தெரிந்துவிடும். பாதித் தொகையோ, அடுத்த முறைக்கான கிரெடிட்டோ தருவதாகச் சொல்லலாம். பாதித் தொகை பணமாக வந்தால் ஏற்கலாம். அடுத்த வருடம் மீண்டும் வேகாஸ் போகிற எண்ணம் இல்லாதவருக்குக் கிரெடிட்டால் பயனில்லை.

கார்டு நிறுவனத்திடம் தகராறு பதிவு செய்வதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். கிரெடிட் கார்டு பில்லில் தவறான தொகை வந்தால், அந்தத் தொகை இடம்பெற்ற முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் 30 நாட்களுக்குள் கடிதம் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும். இரண்டு பில்லிங் சுழற்சிக்குள், அதிகபட்சம் 90 நாட்களுக்குள், முடிவு சொல்ல வேண்டும். செயலியில் பொத்தானை அழுத்துவது எளிது. ஆனாலும் ஸ்டேட்மென்ட்டில் பில்லிங் விசாரணைக்கென்று அச்சிட்டிருக்கும் முகவரிக்கு ஒரு கடிதமும் போடுங்கள். சட்டப் பாதுகாப்பு எழுத்து மூலமான அறிவிப்புக்குத்தான் உறுதி. டெபிட் கார்டுக்கு வேறு சட்டம், வேறு கணக்கு.

இந்தத் தகராறில் ஓட்டல் என்ன செய்யும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ‘சம்மதிக்கிறேன்’ என்று அழுத்திய முன்பதிவுப் பக்கத்தையும், செக்-இன்போது கையெழுத்திட்ட தாளையும் அனுப்பும். இரண்டிலும் 50 டாலர் குறிப்பிடப்பட்டிருந்தால், கார்டு நிறுவனம் பெரும்பாலும் ஓட்டல் பக்கம்தான் சாயும். முதல் பக்கத்தில் என்ன விலை காட்டினார்கள் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. வாங்கிய தொகைக்குச் சம்மதம் இருந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். மின்னஞ்சலைத் தவிர வேறெங்கும் அந்தத் தொகை இல்லையென்றால் உங்கள் கை ஓங்கும். எனவே தகராறு பதிவதற்கு முன் அந்த இரண்டு ஆவணங்களையும் படித்துவிடுங்கள். சேவை சரியில்லை என்ற அடிப்படையில் கார்டு நிறுவனத்திடம் வாதாடும் இன்னொரு சட்டவழியும் உண்டு. அதற்குத் தொகை 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், வியாபாரம் உங்கள் மாநிலத்திலோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ நடந்திருக்க வேண்டும், அந்தப் பணத்தை நீங்கள் இன்னும் கட்டாமல் இருக்க வேண்டும். டல்லாஸிலிருந்து வேகாஸுக்கு அது நீளாது.

எஃப்.டி.சி.யின் ‘ரிப்போர்ட் ஃபிராட்’ இணையதளத்தில் புகார் எழுதப் பத்து நிமிடம் போதும். உங்கள் தனிப் பிரச்சினையை அவர்கள் தீர்த்துவைக்க மாட்டார்கள். புகார் நாடு முழுவதும் சட்ட அமலாக்கத் துறைகள் பார்க்கும் தரவுத்தளத்தில் சேரும். ஒரே ஓட்டல் மேல் புகார்கள் குவிந்தால்தான் யாராவது கோப்பைத் திறப்பார்கள். அதோடு நெவாடா, டெக்சாஸ் இரு மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமை வழக்கறிஞர்) அலுவலகங்களுக்கும் அதே புகாரை அனுப்புங்கள். அட்டர்னி ஜெனரல்கள் மாநில நுகர்வோர் சட்டத்தைக் கையில் எடுக்கலாம். டெக்சாஸ் இந்த விஷயத்தில் சும்மா இருந்த மாநிலம் இல்லை: ரிசார்ட் ஃபீயைக் காட்டும் முறை குறித்து 2023இல் மேரியட் ஓட்டல் நிறுவனத்துடன் சமரச உடன்பாடு செய்தது, அதே ஆண்டு ஹயாட் ஓட்டல் நிறுவனத்தின் மேல் வழக்கும் தொடர்ந்தது. நீங்களே டெக்சாஸ் நுகர்வோர் சட்டத்தில் வழக்குப் போடுவதென்றால் 60 நாள் முன்னறிவிப்புக் கடிதம் வேண்டும். பிறகு வேறு மாநில ஓட்டலை இங்கே இழுத்து வர முடியுமா என்ற கேள்வி வரும். 170 டாலருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த பயணத்துக்குச் சில சொற்கள். கலிபோர்னியா போனால் உங்கள் கை கொஞ்சம் பலமாக இருக்கும். அங்கே 2024 ஜூலை 1 முதல் எஸ்.பி. 478 என்ற சட்டம் பெரும்பாலான தொழில்களுக்கு முழு விலையைக் காட்டச் சொல்கிறது, அதை வைத்து நுகர்வோரே வழக்குப் போடவும் முடியும். அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஏ.பி. 537 தங்குமிடங்களுக்கென்றே எழுதப்பட்டது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஆனால் அதைக் கேட்பது அரசு வழக்கறிஞர்கள்தான். மூன்றாவது ஒன்றைப் பலரும் அறிவதில்லை: எஸ்.பி. 644. கலிபோர்னியா தங்குமிடத்தை, செக்-இன் நேரத்துக்கு 72 மணி நேரமோ அதற்கு முன்போ பதிவு செய்திருந்தால், முன்பதிவு உறுதியானதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்யலாம். ‘பணம் திரும்பாது’ என்ற விலையில் பதிவு செய்தாலும் இது பொருந்தும். மினசோட்டாவில் 2025 ஜனவரி 1 முதலும், மாசசூசெட்ஸில் 2025 செப்டம்பர் 2 முதலும் மாநில அளவிலான விதிகள் இருக்கின்றன. மத்திய விதி இவற்றை ரத்து செய்யாது. மாநிலம் கூடுதல் பாதுகாப்பு கொடுத்தால் அதுவும் நிற்கும்.

ஹில்டன், ஹயாட் ஓட்டல்கள் இரண்டிலும் முழுவதும் உறுப்பினர் புள்ளிகளால் எடுக்கும் இலவச இரவுகளுக்கு ரிசார்ட் ஃபீ வாங்குவதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். அது நிறுவனத்தின் சலுகை, சட்டம் கொடுத்தது இல்லை. வேகாஸ் மாதிரி ஊரில் மூன்று இரவுக்கு அதுவே 150 டாலருக்கு மேல் மிச்சம்.

இனி உங்கள் வீடு. ஆம், விதி உங்களையும் பிடிக்கும். ‘வியாபாரம்’ என்பதன் வரையறையில் தனிநபரும் அடக்கம். ஒரே ஒரு வீடு, வார இறுதி மட்டும் என்பதற்கெல்லாம் விலக்கு இல்லை.

பெரிய தளத்தில் உங்களுக்கு வேலை குறைவு. வீடுகளை வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பி 2025 ஏப்ரலில், வரிக்கு முந்தைய முழு விலையை உலகம் முழுவதும் இயல்பாகக் காட்டத் தொடங்கியது. கிளீனிங் ஃபீக்கான கட்டத்தில் அதை நீங்கள் நிரப்பியிருந்தால், தளமே கூட்டிக் காட்டிவிடும். சிக்கல் எங்கே வரும் என்றால், கட்டத்தில் போடாமல் ‘வீட்டு விதிகள்’ பகுதியில் ‘படுக்கைவிரிப்புக்கு 40 டாலர் வந்ததும் தர வேண்டும்’ என்று எழுதும்போது. கூட்டும் இயந்திரத்துக்கு அது தெரியாது. மீறல் உங்களுடையது ஆகிவிடும்.

சொந்த வலைப்பக்கத்தில்தான் கவனம் வேண்டும். ‘இரவுக்கு 180 முதல்’ என்று பெரிய எழுத்திலும் ‘கிளீனிங் 150’ என்று கீழேயும் போட்டிருந்தால், அதை இன்றே எடுத்துவிடுங்கள். கிளீனிங் ஃபீ கட்டாயம். விலைக்குள் வர வேண்டும். தங்கும் நாட்களைப் பொறுத்து இரவு விலை மாறுமே, எதைக் காட்டுவது என்று குழம்புவீர்கள். விருந்தாளி தேதி கொடுத்துவிட்டால், தங்கும் காலம் முழுமைக்குமான தொகையைப் பெரிதாகக் காட்டுங்கள். இரண்டு இரவுக்கு 510, மூன்று இரவுக்கு 690, நான்கு இரவுக்கு 870. தேதி கொடுக்காத முகப்புப் பக்கத்தில் இரவு விலை போட வேண்டுமென்றால், உங்கள் குறைந்தபட்சமான இரண்டு இரவை வைத்துக் கணக்கிட்ட 255 டாலரைப் போடுங்கள். விதி ‘அதிகபட்ச’ மொத்தத்தைக் கேட்கிறது; இரண்டு இரவுக்காரர் கட்டும் விலையே அதிகம். நான்கு இரவுக் கணக்கான 217.50 கண்ணுக்கு அழகாக இருக்கும். அதைப் போட்டுவிட்டு இரண்டு இரவுக்காரரிடம் 255 வாங்கினால், உங்களுக்கும் அந்த வேகாஸ் ஓட்டலுக்கும் வித்தியாசமில்லை. முகப்பில் விலையே போடாமல் விடுவதும் ஒரு வழி. விலை காட்டாத விளம்பரத்தை இந்த விதி தொடாது.

பிரித்துக் காட்டுவதற்குத் தடையில்லை. ‘வாடகை 360, கிளீனிங் 150’ என்று கீழே எழுதலாம், 510 அவற்றைவிட எடுப்பாக இருந்தால் போதும். பணம் கட்டும் பக்கத்தில் வரி வர வேண்டும். டெக்சாஸில் மாநில ஓட்டல் வரி 6 சதவீதம். பல நகரங்கள் மேலே 7 சதவீதம் வாங்குகின்றன. உங்கள் ஊரும் அப்படியென்றால் 510க்கு 30.60, 35.70 சேர்ந்து இறுதித் தொகை 576.30. பலர் தவறும் இடம் இது: அறையைச் சுத்தம் செய்து தயார்படுத்தும் கட்டணத்துக்கும் டெக்சாஸில் இந்த வரி உண்டு. 360க்கு மட்டும் வரி கணக்கிட்டால் மீதியை நீங்கள் கைக்காசிலிருந்து கட்ட நேரும். சொந்தப் பக்கத்தில் வரும் முன்பதிவுக்கு வரி வசூலித்துச் செலுத்துவதும் உங்கள் பொறுப்பு.

எது கட்டாயம், எது விருப்பம் என்பதில் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: அதைக் கட்டாமல் ஒருவர் உங்கள் வீட்டில் தங்க முடியுமா? நாய் கொண்டுவருபவருக்கு மட்டும் 75 டாலர் என்றால் அது விருப்பக் கட்டணம். பணம் கட்டும் முன் சொன்னால் போதும். கயாக் வாடகை, தாமதமாகச் செக்-அவுட் செய்வது எல்லாம் அதே வகை. எல்லோரிடமும் வாங்கும் ‘சேதக் காப்புக் கட்டணம்’ கட்டாயம். ஆறு பேருக்கு மேல் ஆளுக்கு 25 டாலர் என்று வைத்திருந்து, விருந்தாளி எட்டுப் பேர் என்று தேடும்போதே குறித்துவிட்டார் என்றால், அந்த 50 டாலர் அவருக்குக் கட்டாயம். அவர் பார்க்கும் விலையில் சேர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டிகளை நீக்கிவிடுங்கள். விருந்தாளி கவனித்து எடுத்தால்தான் போகும் கட்டணத்தை விருப்பக் கட்டணம் என்று வாதாடுவது கடினம். கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல் என்று வைத்திருக்கிறீர்களா? கார்டைத் தவிர வேறு வழி கொடுக்காதபோது அந்த 3 சதவீதமும் மொத்த விலைக்குள் போக வேண்டும்.

கட்டணத்துக்கு வைக்கும் பெயரும் முக்கியம். ‘சர்வீஸ் ஃபீ’, ‘பிராசஸிங் ஃபீ’ என்றால் எதற்கு என்று யாருக்கும் புரியாது. நோக்கத்தை மறைப்பதாக ஆகும். ‘சுத்தம் செய்வதற்கு’, ‘படுக்கைவிரிப்பு சலவைக்கு’ என்று எழுதுங்கள். திருப்பித் தரும் முன்பணம் வாங்கினால் எத்தனை நாளில், எந்த நிபந்தனையில் திரும்பும் என்பதையும் பணம் கட்டும் முன்பே சொல்லுங்கள். திரும்பும் என்று சொல்லிவிட்டு, துடைக்காத அடுப்புக்காகப் பிடித்துக்கொள்வது தனி மீறல் ஆகலாம்.

டல்லாஸ் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது ‘வீடு இரவுக்கு எவ்வளவு?’ என்று கேட்டால், பழக்கத்தில் ‘180’ என்று தட்டிவிடத் தோன்றும். அதுவும் விலை சொல்வதுதான். ‘இரண்டு இரவுக்கு 510, வரி தனி’ என்று எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டாலும் அதே பதில்.

கடைசியாக, முன்பதிவுகளை ஒருங்கிணைக்கும் மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால், அது உங்கள் விலையை வேறு எந்தெந்தத் தேடல் தளங்களுக்கு அனுப்புகிறது என்று பாருங்கள். சொந்தப் பக்கத்தைத் திருத்திய பிறகும், கூகுளிலோ ஏதோ ஒரு சின்னப் பட்டியல் தளத்திலோ கிளீனிங் சேராத 180 மாதக்கணக்கில் நின்றுகொண்டிருப்பதுண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு தேதியைக் கொடுத்துத் தேடி, என்ன தொகை முதலில் தெரிகிறது என்று பார்த்து, படம் எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விலையை மாற்றும்போதெல்லாம் புதுப் படம் எடுங்கள். நாளை உங்கள் விருந்தாளி ஒருவர் புகார் எழுதினால், முதல் பக்கத்தில் என்ன காட்டினீர்கள் என்று கேட்கப்படப்போவது நீங்கள்தான்.